ஞானப்பூ பெற்ற பிள்ளைகள்: குத்தாலத்திலிருந்து தரங்கம்பாடிக்கு

எங்கள் குடும்பத்தின் மூத்த தாய் பெற்ற இரண்டு பிள்ளைகளை, இந்த மண்ணில் ஒருநாளும் கால் வைக்காத வேறொரு பெண் பெற்றதாகத் தரங்கம்பாடியில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இது தவறு. தெரியாமல் செய்த தவறு என்று முதலில் நினைத்தேன். நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்த பிறகும் கல் அப்படியேதான் இருக்கிறது. ஆகவே இப்போது அது தெரிந்தே வைத்திருக்கிற தவறு.

பழைய சபைப் பதிவேடுகளில் முன்னோரைத் தேடிப் போகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் படிப்பதாகச் சொல்கிறார்கள். அவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். கோபமும் இருக்கிறது. அதை மறைக்கப் போவதில்லை.

எப்படித் தெரிந்தது என்றால், எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் படம் போட்டிருந்தார். கல்லறைத் தோட்டச் சுவரில் பதித்த புதிய கறுப்புக் கல். மேலே ஓலே ஹான்ஸன் ஹௌகன் என்று பெயர், நார்வே நாட்டான், கோட்டைச் சிப்பாய் என்று விவரம். கீழே மனைவி குன்ஹில்ட், இவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் ஹான்ஸ், மாரித். பிள்ளைகள் இருவரும் தரங்கம்பாடியில் பிறந்த வருஷங்களும் உண்டு. நார்வேயில் இருக்கிற அந்தச் சிப்பாயின் உடன்பிறந்தார் வழி வம்சத்தார் கேட்டுக்கொண்டதால் இங்கே ஒரு குழு அமைத்து வைத்ததாம்.

மாரித் என்ற பெயரைப் பார்த்ததும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அவள் மாரித்தாள். கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டு என் அக்கா வரிசையாகப் பெயர் சொல்வாள்: "மாரித்தாள் மக ஞானப்பூ. ஞானப்பூ மகன் அருளப்பன். அருளப்பன் மக ஞானப்பூ. அந்த ஞானப்பூ மகன் தேவசகாயம். தேவசகாயம் மக்க நாங்க." தேவசகாயம் எங்கள் அப்பா. மாரித்தாளின் தகப்பன் கப்பலில் வந்த வெள்ளைக்காரன் என்பது மட்டும் தெரியும். தாய் இந்த ஊர்க்காரி என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. சந்தேகப்பட என்ன இருக்கிறது? எங்களைப் பார்த்தாலே தெரியும்.

அந்தக் காலத்தில் நார்வே, டென்மார்க் ராஜாவின் கீழ் இருந்தது. கோட்டைக்கு வந்த டேனிஷ்காரர்களோடு நார்வேக்காரர்களும் வந்தார்கள். இது பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவன். தஞ்சாவூரில் பம்புசெட் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டியே காலம் போயிற்று. படம் பார்த்த பிறகுதான் தேட ஆரம்பித்தேன்.

நார்வே நாடு தன் பழைய சபைப் பதிவேடுகளைப் படம் பிடித்து இணையத்தில் வைத்திருக்கிறது. காசு கட்ட வேண்டாம். எழுதியிருப்பது டேனிஷ் மொழி, அதற்கு மொழிபெயர்ப்புச் செயலி இருக்கிறது; பழைய கையெழுத்துதான் தொல்லை. எழுத்து ஒவ்வொன்றும் முறுக்கிய கம்பி மாதிரி இருக்கும். எழுத்து அட்டவணை ஒன்றை அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து பழகினேன். கண்ணில் தண்ணீர் வடிந்ததே தவிர, கம்பி சிக்கெடுக்கிறவனுக்கு அது பெரிய வேலை இல்லை. ஹௌகன் என்பது குடும்பப் பெயர் அல்ல, குடியிருந்த பண்ணையின் பெயர் என்று அப்போதுதான் புரிந்தது. பண்ணை மாறினால் அந்த ஊரில் ஆளின் பெயரும் மாறிவிடும். அதை அறியாமல் ஒரே பெயரைத் தேடினால் பாதி வழியில் ஆளைத் தொலைத்துவிடுவீர்கள்.

குன்ஹில்டை அங்கே கண்டுபிடித்தேன். இங்கே மாரித் பிறந்த அதே வருஷம், குன்ஹில்ட் தன் ஊர்த் தேவாலயத்தில் பக்கத்துப் பண்ணைக் குழந்தையின் ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றிருக்கிறாள். ஹான்ஸ் பிறந்த வருஷமும் அப்படியே, வேறொரு குழந்தைக்கு. ஆறு மாதக் கப்பல் பயணத்தில் இங்கே வந்து பெற்றுப் போட்டுவிட்டு உடனே திரும்பினாளா? பிறகு அவளுடைய அடக்கப் பதிவும் கிடைத்தது. கிழக்கிந்தியாவில் இறந்த ஓலேயின் விதவை என்று எழுதியிருந்தது. மறுமணம் இல்லை.

இதையெல்லாம் எடுத்துக்கொண்டு இந்தத் தை மாதம் கிளம்பினேன். எங்கள் தாயின் பெயரைத் தேடி எடுத்துக் கல்லில் ஏற்ற வேண்டும், அதை அக்கா பார்க்க வேண்டும். இவ்வளவுதான் நோக்கம். அக்காவுக்கு எண்பத்து நான்கு வயது. இருதயத்தில் கோளாறு. டாக்டர் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார். காத்திருக்க நேரம் இல்லை.

தஞ்சாவூரிலிருந்து மயிலாடுதுறை போகிற காலை ரயிலில் ஏறினால் கும்பகோணம் தாண்டிக் குத்தாலத்தில் இறங்கலாம். அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. உட்கார இடம் கிடைத்தது. பாபநாசத்திலிருந்து இரண்டு பக்கமும் சம்பா அறுவடை. வயலில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, கொள்முதல் நிலைய வாசல்களில் நெல் மலையாகக் கிடந்தது, தார்ப்பாய் போதாமல் சாக்கைப் போட்டு மூடியிருந்தார்கள். இந்த வயல்களில் எங்கோ ஒன்றில்தான் மாரித்தாள் நாற்றுப் பிடுங்கியிருக்க வேண்டும். வெள்ளைக்காரச் சிப்பாயின் மகள், பண்ணையாள் ஒருவனைக் கட்டிக்கொண்டு உள்நாட்டுக்கு வந்தவள். எந்த வயல் என்று யாரைக் கேட்பது? ஜன்னலில் பார்த்துக்கொண்டே வந்தேன். பார்க்கிற வயல் எல்லாம் அதுவாகவே இருந்தது.

அக்கா குத்தாலத்தில் மகனோடு இருக்கிறாள். வாசலில் செருப்புப் போட்டுத் தயாராக நின்றாள்.

"ஏண்டா தம்பி, இவ்வளவு பெரிய பையி. கல்லப் பேத்து எடுத்துட்டு வரப் போறியா?"

"எல்லாம் ஆதாரம்க்கா."

"ஆதாரம் நான் இருக்கேன். வண்டியில ஏறு."

பஸ் வேண்டாம் என்று கார் பேசியிருந்தேன். போய்வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து இருநூறு. குத்தாலத்திலிருந்து மயிலாடுதுறை பத்து கிலோமீட்டர், அங்கிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகத் தரங்கம்பாடி முப்பது. ஆக்கூர் வரை ரோட்டில் பாதியை நெல் காயப் போட்டு அடைத்திருந்தார்கள். அறுவடை மாதத்தில் போகிறவர்கள் அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

டிரைவர் முருகையன் பேச்சுக்காரர். எதற்குப் போகிறோம் என்று கேட்டார். சொன்னேன். கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"நார்வேங்கறீங்க. நீங்க என்னைவிட ரெண்டு கோட்டிங் கூட இருக்கீங்களே ஐயா."

அக்கா சிரித்ததில் இருமலே வந்துவிட்டது. "அவன் மோட்டார் வார்னிஷ்ல முக்கி எடுத்தவன்ப்பா. என்னப் பாரு, நான்தான் நார்வே."

அவளும் என்னைப் போலத்தான். ஒரு பிடி கூடவே இருக்கும்.

தரங்கம்பாடியில் எந்தத் தேவாலயம் என்று எழுதப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். பத்தே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். முதலில் கல்லைப் பார்த்தோம். அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். கடல் காற்றில் சேலை பறந்தது. நான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"யாருடா இந்தப் பொம்பள?"

"ஊர்ல விட்டுட்டு வந்த பொண்டாட்டி. கடைசிவரைக்கும் அங்கதான் இருந்திருக்கா. நானே படிச்சேன்."

"வேற கல்யாணம் பண்ணிக்கலியா?"

"இல்ல."

அக்கா கல்லில் அந்தப் பெயரை விரலால் தொட்டாள். பிறகு, "பாவம். கப்பல் வரும் வரும்னு பாத்துருப்பா" என்றாள்.

எனக்கு அந்தப் பெண்மேல் அப்போது இரக்கம் வரவில்லை. எங்கள் தாயின் இடத்தில் அவள் பெயர் பளபளவென்று இருந்தது, அதுதான் கண்ணில் பட்டது.

அலுவலகத்தில் குழுவின் செயலாளர் இருந்தார். ஓய்வுபெற்ற அதிகாரி, மரியாதையான மனிதர்தான். நாற்காலி போடச் சொல்லி அக்காவுக்கு மோர் வரவழைத்தார். கல்லில் போட்ட விவரத்துக்கு என்ன ஆதாரம் என்று கேட்டேன். டைப் செய்த நகல் ஒன்றைக் காட்டினார். கோட்டையிலிருந்த ஐரோப்பியர் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து எப்போதோ யாரோ எடுத்த சுருக்கம். அதில் தகப்பன் பெயர் உண்டு, தாய்க்கு இடமே இல்லை. நார்வே குடும்பத்தார் தங்கள் ஊர்ப் பதிவில் இருந்த மனைவியின் பெயரை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார்கள், இவர்கள் சரி என்றிருக்கிறார்கள்.

"மூலப் பதிவேட்டைத் திறந்து பாத்தீங்களா?"

"அது டேனிஷ் பாஷையில இருக்குங்க ஐயா. யாரு படிக்கிறது?"

"நான் படிக்கிறேன். எடுங்க."

அனுமதிக் கடிதத்தை முன்பே எழுதி வாங்கி வைத்திருந்தேன். இல்லையென்றால் அன்று வெறுங்கையோடுதான் திரும்பியிருப்போம். மாரித்தின் பதிவு கிடைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. தகப்பன் பெயருக்குப் பின்னால் ஒரே வரி: தாய், இந்நாட்டுக் கிறிஸ்தவப் பெண். பெயர் இல்லை. எழுதின போதகருக்குச் சிப்பாயின் பண்ணைப் பெயர்வரை தெரிந்திருக்கிறது. குழந்தையைக் கையில் ஏந்தி எதிரே நின்றவளின் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. அந்த வரியின் மேல் படாமல் விரலைக் கொண்டுபோனேன். எத்தனை வருஷம் கழித்து இவ்வளவு பக்கத்தில் வந்திருக்கிறோம், பெயர் மட்டும் இல்லை.

செயலாளர் எட்டிப் பார்த்து, "குன்ஹில்ட் இல்லங்கறது சரிதான் போலருக்கு. ஆனா உங்க பாட்டி பேரும் இல்லையே ஐயா" என்றார்.

இருந்தால் வேறு புத்தகத்தில்தான் இருக்கும் என்றேன்.

இதைத்தான் தேடுகிறவர்கள் எல்லாரும் கவனிக்க வேண்டும். இங்கே வெள்ளைக்காரர்களுக்கு ஒரு சபை, தமிழர்களுக்கு ஒரு சபை. பதிவேடும் இரண்டு. சிப்பாயின் பிள்ளைகள் அந்தப் புத்தகத்தில் ஞானஸ்நானம் பெற்றார்கள், பேரப்பிள்ளைகள் இந்தப் புத்தகத்துக்கு வந்துவிட்டார்கள். நார்வேக்காரர்களுக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்த இந்தக் குழுவில் ஒருவர்கூடத் தமிழ்ச் சபைப் புத்தகத்தைத் திறக்கவில்லை. ஐரோப்பியனின் வம்சத்தை ஐரோப்பியர் புத்தகத்தில்தானே தேட வேண்டும் என்று இருந்துவிட்டார்கள்.

தமிழ்ப் புத்தகத்தின் முன்பகுதியைக் கரையான் தின்றிருந்தது. எங்கள் தாயின் சொந்தப் பதிவு இருந்திருந்தால் அங்கேதான் இருந்திருக்கும். ஓரத்தில் நூல் மட்டும் தொங்கியது. 

மீதி இருந்த பக்கங்களில் மாரித்தைப் பிடித்தோம். கணவன் சத்தியநாதன், பண்ணையாள். கல்யாணப் பதிவில் அவனுடைய தாய் ராகேல் என்று இருக்கிறது. அவர்களுக்கு மூத்த மகள் பிறந்தபோது பெயர் ராகேல். இரண்டாவது மகளுக்கு ஞானப்பூ. பிறகு அண்ணன் ஹான்ஸைத் தேடினோம். அவன் தரங்கம்பாடியிலேயே தமிழச்சியைக் கட்டியிருக்கிறான். அவனுடைய மூத்த மகள் பெயரும் ஞானப்பூ.

செயலாளருக்கு உடனே பிடிபடவில்லை. அக்காவுக்குப் பிடிபட்டது. "மூத்தவளுக்கு அப்பனப் பெத்தவ பேரு. அடுத்தவளுக்கு ஆத்தாளப் பெத்தவ பேரு. நம்ம பக்கம் வேற எப்படி வைப்பாங்க? ஹான்ஸுக்கும் மாரித்தாளுக்கும் ஆத்தா ஒருத்திதானே சார்? அவதான் ஞானப்பூ."

"பேரு வைக்கிறது ஒரு வழக்கம்தாம்மா. அதச் சாட்சின்னு சொல்ல முடியுமா?"

"எங்க அம்மா என்னப் பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்ல, தெரியுமா?" என்றாள் அக்கா. "எனக்கு அப்பாவோட அம்மா பேரு. மாமியா பேர மருமக வாயால சொல்லலாமா? அதனால பாப்பா, பாப்பான்னே போச்சு. எண்பத்து நாலு வயசுலயும் எங்க தெருவுல நான் பாப்பாதான். கூப்பிட முடியாத பேர எதுக்கு வச்சாங்க? தொலஞ்சு போயிடக் கூடாதுன்னுதானே வச்சாங்க?"

அவர் பேனாவை மூடினார், திறந்தார். "நியாயம்தாம்மா. ஆனா கமிட்டியில வைக்கணும். கல்லு அவங்க வச்சது. நார்வேயில அவங்க ஒத்துக்கணும்."

"வெட்டறப்போ எங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா? அழிக்கறதுக்கு மட்டும் இத்தன பேரா?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அக்கா என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

ஒன்றரை மணிக்கு வெளியே வந்து மீன் சாப்பாடு சாப்பிட்டோம். தலைக்கு நூற்று அறுபது. மீன் நன்றாக இருந்தது, குழம்பில் உப்புக் கூடுதல். முருகையன் கடலைப் பார்த்து உட்காரலாம் என்று அழைத்துப்போனார். கோட்டைக்கு முன்னால் பிள்ளைகள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா முந்தானையால் தலையை மூடிக்கொண்டு கடலைப் பார்த்திருந்தாள். ஞானப்பூ எப்படி இருந்திருப்பாள், குட்டையா நெட்டையா, கோட்டைக்குள் என்ன வேலை செய்தாள், அவன் செத்தபோது அழவிட்டார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அதற்கெல்லாம் பதில் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

கடைசியில் ஒன்று சொன்னாள்: "குன்ஹில்ட்டு பேர அழிக்கச் சொல்லாத."

"என்னக்கா பேசற? அவளுக்கு அங்க என்ன இடம்?"

"பொண்டாட்டிதானே? அது பொய்யில்லையே. காத்துக்கிட்டே கெடந்து செத்துருக்கா. அவ பொண்டாட்டியா இருந்துட்டுப் போகட்டும். பெத்தவ பேரு பெத்தவளா இருக்கட்டும். ரெண்டு பேரையும் அவன்தான் விட்டுட்டுப் போனான், அவங்க ஒருத்தர ஒருத்தர் விரட்ட வேணாம்."

திருக்கடையூர் வரை இதில் சண்டை போட்டுக்கொண்டே வந்தோம். எனக்கு இன்னமும் மனம் ஒப்பவில்லை.

தஞ்சாவூர் வந்ததும் நார்வே குடும்பத்தில் இதைத் தேடியவருக்கு எழுதினேன். லிவ் என்று ஓர் அம்மையார். மொழிபெயர்ப்புச் செயலியின் தயவில் எழுதிய கடிதம். மூன்றாம் நாள் பதில் வந்தது. ஞானத்தாய்ப் பதிவுகளைத் தானும் திறந்து பார்த்ததாகவும், குன்ஹில்ட் இங்கே வந்திருக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்வதாகவும் எழுதியிருந்தார். பெயர் வைக்கிற வழக்கத்தைப் படித்துத் திகைத்துப் போனாராம். அவர்கள் ஊரிலும் பழைய நாளில் அதுவேதான்: மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், மூத்த மகளுக்கு அப்பாவின் அம்மா பெயர். ஓலேயின் தகப்பன் ஹான்ஸ், தாய் மாரித். சிப்பாய் தன் முறைப்படி வைத்திருக்கிறான், பிள்ளைகள் தாயின் முறைப்படி வைத்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே முறை. ஞானப்பூ என்பதைத் தான் நம்புவதாக எழுதியவர், கல்லை மாற்றுவது மட்டும் அங்கிருக்கிற குழுவின் முடிவு என்று முடித்திருந்தார். குழுவைக் கேட்டால் நார்வேயின் முடிவு என்கிறது. இப்படிப் பந்தை உருட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

தேடிப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொண்டு போங்கள். சுருக்க நகலை நம்பாதீர்கள், மூலத்தைக் கேளுங்கள். பேனா கொண்டுபோகாதீர்கள், பென்சில் போதும். ஞானப் பெற்றோர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள், யார் எங்கே இருந்தார்கள் என்பதை அது காட்டிக்கொடுக்கும். பெண்ணின் பெயர் இல்லாத இடத்தில் அவளுடைய பேத்திகளைத் தேடுங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், புத்தகம் எடுத்துத்தர ஆள் இருக்காது. வீட்டில் பெயர் தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இதில் கிடைத்தது ஒரே ஒரு பெயர். முகம் இல்லை, கல்லறை இல்லை, பிறந்த ஊர் இல்லை. அந்தப் பெயர் எங்கள் வீட்டிலேயே இத்தனை காலம் இருந்திருக்கிறது, அது அவளுடையது என்பது மட்டும் தெரியாமல். இப்போது அக்காவை ஃபோனில் ஞானப்பூ என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கிறேன். தம்பி அக்காவைப் பெயர் சொல்வதா என்று திட்டுகிறாள், ஆனால் ஃபோனை வைப்பதில்லை.

இனி நடக்க வேண்டியவற்றை எழுதிவிடுகிறேன்.

நினைவுக்கல் குழு செய்ய வேண்டியது: ஈஸ்டருக்கு முன் கூட வேண்டும். மூலப் பதிவேட்டின் அந்த ஒரு வரியைக் குழுவில் வாசிக்க வேண்டும். வாசிக்க ஆள் இல்லையென்றால் என்னைக் கூப்பிட வேண்டும், வருகிறேன்.

லிவ் அம்மையார் செய்ய வேண்டியது: எனக்கு எழுதியதையே குழுவுக்கும் எழுதி, கீழே கையெழுத்துப் போட வேண்டும். நம்புகிறேன் என்று என்னிடம் சொன்னால் போதாது.

சபை செய்ய வேண்டியது: தமிழ்ப் புத்தகத்தின் மீதிப் பக்கங்களையாவது கரையானுக்கு முன்னால் படம் பிடிக்க வேண்டும்.

கல் வெட்டுகிறவர் செய்ய வேண்டியது: பிள்ளைகளின் பெயருக்கு மேல், தாய் ஞானப்பூ என்று தமிழில் வெட்ட வேண்டும். மனைவி குன்ஹில்ட் என்பதை அப்படியே விட்டுவிட வேண்டும். இது அக்காவின் முடிவு, என்னுடையது அல்ல.

நான் செய்ய வேண்டியது: வாரம் ஒரு கடிதம். கல் மாறும்வரை நிறுத்த மாட்டேன்.

அக்கா செய்ய வேண்டியது: வேளைக்குச் சாப்பிட வேண்டும், மாத்திரையை மறக்காமல் போட வேண்டும், அதுவரை இருக்க வேண்டும்.